வீட்டுச் செருப்பில் அளந்த கவுன்

மே 8

மிரெலாவின் கவுன் வந்துவிட்டது. பள்ளி முடிப்பு விருந்துக்காக இணையத்தில் வாங்கியது. பச்சை சாட்டின். படத்தில் தேவதை, இவள் உடம்பில் கோணிப்பை. இடுப்பில் இரண்டு பேர் நுழையலாம், தோள் வார் நழுவுகிறது, கீழ் ஓரம் தரையைக் கூட்டுகிறது.

"திருப்பி அனுப்பிடலாம்ப்பா" என்றாள் லியூபெனிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. இன்னும் எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அவள் அப்பா வழியாகத்தான் வரும்.

"கவுன் நல்ல கவுன்தான். நான் பிடிச்சுத் தர்றேன்" என்றேன். கடையில் வாங்கிய எதையும் நான் அப்படியே போட்டதில்லை. இதென்ன பெரிய விஷயம்?

மே 9

டோங்கா போன் செய்தாள். மிரெலாவின் இறந்துபோன அம்மாவுக்கு அக்கா.

"ப்ளெவன் டவுன்ல நல்ல கடை இருக்கு, ரூமியானா. பிள்ளைக்கு வாழ்க்கையில ஒரு நாள். சொந்தக்காரங்க, அக்கம்பக்கம் எல்லாரும் வழியனுப்ப வீட்டுக்கு வந்து நின்னு பாப்பாங்க. நீ கைவேலை பழக வேற துணி கிடைக்கலையா?"

"பாக்கட்டும் அக்கா. பாக்கத்தானே தைக்கிறேன்."

வாய் கொடுத்துவிட்டேன். கவுன் சரியாக அமைந்தால் அன்றைக்கு வாசலில் நானும் இந்த வீட்டு ஆளாக நிற்பேன். சொதப்பினால்? கடைசிவரை மிரெலாவுக்கு அப்பாவின் பெண்டாட்டி, அவ்வளவுதான். அதனால் சொதப்பப் போவதில்லை.

மே 12

பக்கத் தையலைப் பிரித்தேன். கவுனை உள்பக்கம் வெளியே வரும்படி போடச் சொல்லி, தையலுக்குள் மறையும் இடத்தில் மட்டும் குண்டூசி குத்தினேன். சாட்டினில் ஒரு முறை ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான்.

அவளுக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம். பந்து விளையாடுகிற பெண். எல்லோருக்கும் ஏதோ ஒரு பக்கம் அப்படித்தான். ரெடிமேட் தைக்கிறவன்தான் மனிதர்களை இரண்டு பக்கமும் ஒன்றாகச் செய்துவிடுகிறான். கவுனை நேராகத் திருப்பிப் போட வைத்து, இரண்டு வாரையும் வேறு வேறு நீளத்தில் வைத்தேன். நேராக நின்றது.

கண்ணாடியைப் பார்த்து "பரவாயில்லையே" என்றாள். கண்ணாடியிடம்தான். ஆனால் அப்பா வழியாக இல்லை!

மே 16

இன்று கீழ் ஓரம். விருந்துக்குப் போடும் ஷூ டோங்காவின் பரிசு, விருந்துக்கு முதல் நாள்தான் வரும். இந்த வீட்டில் மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர்கூட வாசலில் ஷூவைக் கழற்றி வீட்டுச் செருப்பு மாட்டாமல் உள்ளே வர முடியாது. வீட்டுச் செருப்போடு முக்காலியில் ஏறி நின்றாள் மிரெலா. நான் சுற்றிவரச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். என் பாவாடைகள் அத்தனையும் இப்படி அளந்தவைதான், ஒன்றும் குறை வந்ததில்லை. வெட்டினேன்.

மே 17

முடிந்தது. இஸ்திரியும் போட்டாயிற்று. நான் கெட்டிக்காரிதான், யார் என்ன சொன்னாலும்.

மே 24

டோங்கா பெட்டியை வாசலில் கொடுத்துவிட்டு அவசரமாகப் போனாள். உள்ளே நாலு விரல் உயரக் குதிகால்.

ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன்? நான் தட்டைச் செருப்பைத் தவிர வேறு போட்டதே இல்லையே — அதனால்தான் என் பாவாடைக்குக் குறை வரவில்லை! கவுன் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, மழைத் தண்ணீரில் நனையாமல் தூக்கிப் பிடித்தது மாதிரி. கீழே விட்டிறக்க உள்ளே துணி மிச்சமில்லை. ஒட்டுப் போட்டால் சாட்டினில் பளிச்சென்று தெரியும்.

மிரெலா கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 25, காலை

அரைகுறையாக நிற்பதுதான் தப்பு. முழங்காலுக்கு ஏறிவிட்டால் அது பாணி. எழுந்ததும் இதுதான் தோன்றியது, உடனே தெம்பும் வந்துவிட்டது.

கதவைத் தட்டினேன். "இன்னும் வெட்டணும்."

"இன்னுமா?"

"முழங்காலுக்குக் கீழ வரைக்கும். ஷூவைப் போட்டுட்டு வா. வீட்டுக்குள்ளதான், பரவாயில்லை."

ஷூவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மே 26

நேற்று மதியமே வீடு நிறைந்துவிட்டது. ஆட்டிறைச்சி, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீட்சா, லியூபெனின் பிராந்தி. மிரெலா முடி அலங்காரம் முடித்து ஓடி வந்து கவுனை மாட்டிய வேகத்தில் வலது வார் பிய்ந்துகொண்டது. கழற்றினால் முடி கலைந்துவிடும். கூடத்திலேயே நிற்க வைத்து, பல்லில் ஒரு நூலைக் கடிக்கக் கொடுத்தேன். உடம்பில் இருக்கும் துணியைத் தைத்தால் புத்தியும் சேர்ந்து தைபட்டுவிடும் என்பார்கள். அப்படி ஆகாமலிருக்க நூலைக் கடித்துக்கொண்டு, முடியும் வரை வாய் திறக்கக் கூடாது.

பாதித் தையலில் டோங்கா வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"நீளக் கவுன்தானே வாங்கினது? யாரு இப்படி நறுக்கி வெச்சது?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மிரெலா பல்லிலிருந்து நூலை எடுத்தாள். ஊசி அவள் தோளில்தான் இருந்தது.

"நான்தான் வெட்டச் சொன்னேன், பெரியம்மா. ரூமியானா வேண்டாம்னுதான் சொன்னாங்க."

சொல்லிவிட்டு நூலை மறுபடி கடித்துக்கொண்டு, தோளை என் பக்கம் காட்டி "ம்" என்றாள்.

மீதித் தையல் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.