முதல் பக்கத்தின் இரண்டு வெற்றுக் கட்டங்கள்

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன்; நீங்களும் என்னை 'இஞ்சாரும்' என்றுதான். இனிப்போய் உங்கள் பெயரைச் சொல்ல வாய் வராது. உங்கள் ஓராண்டு நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பங்குக் கோவிலில் கேட்டார்கள். சரி, எல்லோரும் படிக்கட்டும். உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் புதினம், ஒரு நல்ல செய்தி. உங்கள் முத்திரை அல்பத்தை வருகிற மே மாதம் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள். டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி தூக்கின மனிதரின் அல்பம்! உங்கள் முத்திரைச் சங்கத்து மதாம் ஜினெத் வீடு தேடி வந்து கேட்டார். எனக்குப் பெருமை பாதி, நடுக்கம் பாதி.

இலங்கை முத்திரையில் வந்த பெரிய மனிதர்களின் முகங்களை மட்டும் சேர்த்தீர்கள். வைத்தியர், பிக்கு, பாதிரியார், தமிழ்த் தலைவர், சிங்களத் தலைவர். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே அவர் என்ன செய்தார் என்று இரண்டு வரி. "இஞ்சாரும், உயிரோட இருக்கேக்கை ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாராத ஆக்கள். இப்பப் பாரும், ஒரே பக்கத்தில இருக்கினம்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

ஆனால் உங்களுக்கு ஒரு பிடிவாதம். எங்கள் இருவரில் ஒருவருக்கு வந்த கடிதத்தில் ஒட்டியிருந்த முத்திரைதான் அல்பத்தில் ஏறும். கடையில் வாங்கியது ஏறாது. அதனால்தான் முதல் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் கடைசி வரை வெறுமையாகவே கிடந்தன. முதலாவதின் கீழ், "மூக்குக்கண்ணாடி போட்ட வைத்தியர். நான் இவவுக்கு எழுதின முதல் கடிதம்" என்று எழுதியிருந்தீர்கள். இரண்டாவதின் கீழ் ஒன்றுமில்லை. கேட்டால், "அது பேந்து வரும்" என்று பிறகுக்குத் தள்ளிப்போடுவீர்கள்.

அந்த முதல் கடிதத்தின் உறை இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். பொய். நீங்கள் கொழும்பில், நான் மன்னாரில். உறையில் கிடக்கும் உங்கள் பெயரும் விலாசமும் சோதனைச் சாவடியில் எவருடைய கண்ணிலாவது பட்டால் உங்களுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். கடிதங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, உறைகளை எல்லாம் அடுப்பில் போட்டேன். வைத்தியரும் மூக்குக்கண்ணாடியோடு எரிந்துபோனார். இத்தனை வருடமும் அந்தக் கட்டத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு குத்தும். ஏன் சொல்லாமல் இருந்தேன்?

மதாம் ஜினெத்திடம்தான் முதலில் சொன்னேன், என் அரைகுறைப் பிரெஞ்சில். அவர் தன் முத்திரைகள் கிடக்கும் பிஸ்கட் டின்னைக் கிண்டி, அதே வைத்தியரைப் பாவிக்காத முத்திரையாக எடுத்து நீட்டினார். "மெர்சி, ஆனால் கடிதத்தில் வராதது ஏறாது" என்றேன். மனுசி முத்திரையை என் கையில் வைத்து, "அப்படியென்றால் கடிதத்தில் வரவையுங்கள், மதாம்" என்றார்.

முத்திரையை மன்னாருக்கு, உங்கள் தங்கை புளோராவுக்கு அனுப்பினேன். ஏன் என்றும் எழுதினேன். அவ போதாத காசுக்கு வேறு முத்திரைகளும் ஒட்டி, வைத்தியரை நடுவில் இருத்தி எனக்குக் கடிதம் போட்டா. போன கிழமை வந்தது. தபாலகச் சீல் அவருடைய கன்னத்தில் குத்தியிருக்கிறது. உறைக்குள் இப்படி எழுதியிருந்தா:

"மச்சாள், நீங்கள் ஏன் அழுறியள்? அப்ப நானும் கொழும்பில அண்ணையோடதான் இருந்தனான். ஆமி வீடு வீடாத் தேடி வரேக்கை, உங்கட பேர் ஆரின்ரையும் கையில போகக்கூடாது எண்டு, நீங்கள் எழுதின முதல் கடிதத்தின்ரை உறையை அண்ணையும் எரிச்சவர். அதில ஒரு பாட்டுக்காரியின்ரை முகம் இருந்தது. 'தேடித் தேடிச் சேர்க்கிறவன் எரிச்சுப்போட்டன் எண்டு என்னெண்டு சொல்லுறது? அவவுக்குச் சொல்லிப்போடாதை' எண்டவர்."

குசினியில் அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். அழுதேன், பிறகு தனியே நின்று சிரித்தேன். நல்ல கள்ளன்! அந்த இரண்டாவது கட்டம் என் முதல் கடிதத்துக்காக விட்டதா? ஒருத்தருக்கொருத்தர் பயந்து ஒரே காரியத்தை மறைத்துக்கொண்டு, ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம்.

வைத்தியரைப் பக்குவமாக அவருடைய கட்டத்தில் இருத்திவிட்டேன். சனிக்கிழமை மதாமின் டின்னைக் கவிழ்த்துத் தேடினோம். அடியில் கிடந்தா உங்கள் பாட்டுக்காரி.

இனி என் வாக்கு. மலருக்கு ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தையும் பாட்டுக்காரியையும் விலாசம் எழுதிய ஓர் உறையையும் நாளைக்கே புளோராவுக்கு அனுப்புகிறேன். அவ முத்திரையை ஒட்டி எங்கள் கார்ட்டியர்வில் வீட்டுக்குத் தபாலில் போடுவா. மே மாதத்துக்கு முன் கடிதம் வந்துவிடும், பாட்டுக்காரியும் தன் இடத்தில் இருப்பா. அந்த உறையின் முன்பக்கத்தில் உங்கள் முழுப்பெயரையும் பின்பக்கத்தில் என் முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் நானே எழுதிவிட்டேன். இந்த முறை ஒருத்தரும் எரிக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மனைவி,
இஞ்சாரும்