பத்தொன்பது புள்ளி ஆறு

ஜூலை 8, திங்கள்

விடாத காற்று. நடுநடுவே தூறல். குடை மறந்தேன்.

அலுவலகத்தில் ஒரு பெண் காத்திருந்தாள். சரசாள். சனிக்கிழமை துடியலூர் ஆலையில் டாங்கிக்குள் மூச்சு முட்டி இறந்த கருப்புசாமியின் மனைவி. ஞாயிறு இதழில் நான் எழுதிய செய்தி கையில், நான்காக மடித்து.

"ஏனுங்க, ஆக்சிஜன் மீட்டர் பாக்காம எறங்குனாருன்னு எழுதுனது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன். ஆலை மேனேஜர் சொன்னது. வேறு யாரையும் கேட்கவில்லை.

"பூட்டுன கதவ மூணு தடவ இழுத்துப் பாக்கற மனுசனுங்க. பாக்காம எறங்குவாருங்களா? புள்ளைய எழவு வீட்டுலயே கேக்கறாங்க, உங்கப்பனுக்கு அவசரமான்னு. மாத்திப் போடுங்க. வயசுங்கூட தப்புங்க. முப்பத்தி நாலில்லை, முப்பத்தாறு."

டீ வாங்கி வரச் சொன்னேன். அவள் குடிக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

வெயில். செருப்பு வார் அறுந்தது.

ஆலையில் ஆக்சிஜன் மீட்டரைப் பராமரிப்பவர் நடராசன். மேனேஜர் சாப்பிடப் போன நேரம், பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனார்.

முதலில் பதிவேடு. கருப்புசாமியின் கையெழுத்து, குண்டு குண்டாக: "காலை 10.10. ஆக்சிஜன் 19.6. இறங்கலாம்." 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்பது விதி.

பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்.

பிறகு மீட்டர். வெளிக்காற்றில் முள் 20.9. சரி. பிறகு ஆக்சிஜனே இல்லாத நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து குழாயை மாட்டினார். பூஜ்யத்துக்கு வர வேண்டிய முள் 19இல் நின்றது. அப்படியானால் அன்று 19.6 காட்டியபோது உள்ளே ஆக்சிஜன் பெயருக்குத்தான்.

"உள்ள ஆக்சிஜன அளக்கற செல்லு செத்துப்போச்சுங்க. வாராவாரம் முள்ளு எறங்கும். புது செல்லு கேட்டா, இருக்கறத வெச்சு ஓட்டுன்னாங்க. முள்ள நகத்தற பூஜ்யத் திருகைத் திருகித் திருகி 20.9க்கு ஏத்தி, சரின்னு ஸ்டிக்கர் ஒட்டிப்போட்டேனுங்க."

"நைட்ரஜனில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே?"

"மூணு மாசமா கேட்ட சிலிண்டருங்க இது. எழவுக்கு மறுநாள் வந்துச்சு."

உங்கள் பெயர் வெளியே வராது என்றேன்.

"போடுங்க. திருகுனது இந்தக் கைதானுங்க."

ஜூலை 10, புதன்

தூறல். பல்வலி. கிராம்புத் தைலம்.

மீட்டர் பழுதைப் பற்றி இரண்டு பத்தி எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குப் பன்னிரண்டு வருடம் இளையவர்.

"விசாரணை முடியட்டும் சார். திருத்தம்னு நாலு வரி கொடுங்க, போட்டுர்றேன்."

நாலு வரி எழுத முக்கால் மணி நேரம். வயதுத் தவறை முதலில் வைத்தேன். ஒப்புக்கொள்ளச் சுலபம் அது. கருப்புசாமி மீட்டரைப் பார்த்து, குறித்துவிட்டுத்தான் இறங்கினார் என்பது அதற்குக் கீழே.

ஜூலை 11, வியாழன்

ஏழாம் பக்கம், அடி ஓரம்.

"திருத்தம்: துடியலூர் விபத்தில் இறந்த கருப்புசாமியின் வயது 36."

அவ்வளவே. பக்கம் ஒட்டுகிறவரிடம் போனேன்.

"எடம் பத்தலீங்க சார். கீழருந்து வெட்டிப்போட்டேன். முக்கியமானத மேல வையி, வெட்டறவன் கீழருந்துதான் வெட்டுவான்னு நீங்கதான எல்லாருக்கும் சொல்லுவீங்க."

பதினொன்றரைக்குத் தொலைபேசி. எஸ்.டி.டி. பூத்திலிருந்து சரசாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"வயசு போட்டிருக்கீங்க. பாத்தனுங்க." தாளைப் புரட்டும் சத்தம். "மிச்சம் எந்தப் பக்கத்துலீங்க?"