பெரியப்பாவுக்கு ஒரு நிமிட மௌனம்

மெல்போர்ன்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள பிரையனிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். உன் அப்பாவைப் பற்றியும் அதே சொல்லை எழுதச் செவ்வாய்க்கிழமை வரை பொறுத்திருக்கிறேன். கிளாஸ்கோவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தில் அலையாமல், பிரசவ வார்டில் இரவுப் பணி முடிந்ததும் ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். செவ்வாய் காலை அவருக்கு இதய வால்வை மாற்றப் போகிறார்கள் என்று போனில் சொன்னேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும், எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். எழுதுகிற எனக்குத் தெரியாது. போனில் விவரமாகப் பேச முடியவில்லை, ஏனென்றால் நான் பேசும்போதெல்லாம் அவர் கட்டிலில் படுத்தபடியே என் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நெவில் பெரியப்பா இறந்துவிட்டாராமே என்று உன் பள்ளித் தோழி அனுதாபச் செய்தி அனுப்பியதாகச் சொன்னாய். அவர் இறக்கவில்லை. இந்த நிமிடம் எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, உன் அப்பாவுக்கு வந்த ஜெல்லியைத் தின்றுகொண்டிருக்கிறார். அவர் எப்படிச் செத்தார், எப்படிப் பிழைத்தார் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் அப்பா கால்பந்து நன்றாக ஆடியவர் அல்ல, அதை அவரே ஒப்புக்கொள்வார். நன்றாக ஆடுகிறவர்கள் ஆடி முடித்து, குடித்து முடித்து, கல்யாணம் செய்துகொண்டு ஊரை விட்டுப் போய்விடுவார்கள். ஆடத் தெரியாதவனிடம்தான் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நம் ஊர் டன்னரூ கால்பந்துக் கிளப்புக்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, செயற்குழு என்று பெயர் வைத்துக்கொண்டு பியர் குடிக்கிற ஒரு மேசை உண்டு. உன் அப்பாவுக்கு நிர்வாகி என்று பட்டம். அதன் பொருள் புல் வெட்டுவது, மைதானத்துக்குக் கோடு போடுவது, சேறு பிடித்த சட்டைகளை நம் வீட்டு மெஷினில் துவைப்பது, கழிப்பறை அடைத்தால் கையை விடுவது, வெள்ளிக்கிழமை ஆள் குறைந்தால் பண்ணை பண்ணையாகப் போய், ஆட்டுக்கு ரோமம் வெட்ட வந்தவனைக்கூடக் கெஞ்சிக் கூட்டி வருவது. எங்கள் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது, சனிக்கிழமை ஆட்டம் இருந்ததால். நீ பிறந்த அன்று பூட்ஸில் வெள்ளைப் பெயின்டோடு பிரசவ வார்டுக்குள் வந்தார். தரையைத் துடைக்க வந்த நர்ஸ் திட்டுவாள் என்று நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவள், "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டாள். அந்த ஊரில் எனக்குத் துணை கிடைக்காது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

வால்வு சுருங்கிவிட்டது என்று போன கோடையிலேயே சொல்லிவிட்டார்கள். நான் மருந்துக்கடை வைத்திருப்பவள், அதன் பொருள் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கிளப் மாடிப்படியில் அவர் பாதியில் நின்று சுவரில் உள்ள பழைய அணிப் படங்களை ரசிப்பதுபோல நடிப்பார். மூச்சு வாங்குவதற்காக ஒரு மனிதன் எத்தனை முறை அதே படங்களைப் பார்க்க முடியும். நீர் பிரியக் கொடுத்த மாத்திரையைச் சனிக்கிழமை விழுங்கவே மாட்டார், ஆட்டத்தின் நடுவே கழிப்பறைக்கு ஓட முடியாதாம். ஆஸ்பத்திரி கொடுத்த முதல் தேதியை, மைதானத்துக்குப் புது விளக்கு வருகிறது என்று தள்ளிப் போட்டார். இரண்டாவது தேதியின்போது பாதி அணிக்குக் காய்ச்சல். மூன்றாவது தேதிக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போன் செய்து, "உங்க வீட்டுக்காரரோட அண்ணன் தவறிட்டாராமே, ரொம்ப வருத்தமா இருக்குங்க. அவர் கேட்டபடி தேதியை அக்டோபருக்கு மாத்திட்டோம்" என்றாள். அக்டோபர் என்றால் இறுதி ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு. பழைய தேதியையே கொடுங்கள் என்றேன். அதை வேறு ஒருவருக்குக் கொடுத்தாயிற்று என்றாள்.

அன்று மாலை அவரிடம் கேட்டேன். துவைத்த சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "யாரையாவது சொல்லணும்ல நரெல்? உங்க வீட்டு ஆளைச் சொன்னா நீ கோவிச்சுக்குவே. அவன்தான் என்கூடப் பேசறதே இல்லையே" என்றார். அதாவது பேசாத அண்ணன் செத்த அண்ணனுக்குச் சமம், கணக்கு சரியாகிவிட்டது. உனக்குத் தெரியும், நீ பிறப்பதற்கு முன்பு ஓர் இறுதி ஆட்டத்துக்கு அணியைத் தேர்ந்தெடுத்தபோது உன் அப்பா நெவிலை விட்டுவிட்டார். துணைக் கேப்டனாக இருந்த அண்ணனையே விட்டுவிட்டார். நெவில் அடுத்த வாரமே எதிரி ஊரான மார்ல்புரூக்குக்குப் போய்ச் சேர்ந்தார், வீட்டையும் அங்கேயே கட்டிக்கொண்டார். உன் தாத்தாவின் அடக்கத்தில்கூட இருவரும் குழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். ஒரு தோல் பந்துக்காக. "அக்டோபர் வரைக்கும் இருப்பீங்களா?" என்று கேட்டேன். "இன்னும் நாலு ஆட்டம்தான். நான் இல்லேன்னா கிளப்புல விளக்குகூட எரியாது, தெரியும்ல" என்றார். அந்த வார்த்தையில் கவலையைவிடப் பெருமை அதிகமாக இருந்தது.

எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று, அவர் அந்தப் பொய்யைக் கிளப் சமையலறையில் நின்று போனில் சொன்னபோது, செயலாளர் டாரில் அங்கே குளிர்பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஏதோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். டாரிலுக்கு ஒரு துக்கச் செய்தி காதில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும்? போய்க் கையைப் பிடித்து, எப்படி ஆச்சு, எப்போது அடக்கம் என்று கேட்க வேண்டும். அந்த ஆண்களுக்கு அது வராது. துக்கத்தில் இருப்பவனை நேராகப் பார்ப்பதே அவமரியாதை என்று அவர்கள் எண்ணம். எனவே டாரில் உன் அப்பாவிடம் ஒரு சொல் பேசாமல், தன் வண்டியில் இருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஆட்டக்காரர்கள் கையில் துக்கப் பட்டையாகச் சுற்றுவதற்குத் துண்டு துண்டாக வெட்டிவைத்துவிட்டார். இரண்டு நாள் என் கடைக்கு வந்தவர்களெல்லாம் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டு, "பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேன்டீன் மோரீன் ஒரு தட்டு எலுமிச்சைக் கேக்கை மேசைமேல் வைத்துவிட்டு ஓடியே போனாள். அவருடைய இதயத்தைப் பற்றி ஊருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் கேக்கைச் சாப்பிட்டேன். கேட்காமல் சாப்பிட்டதில் நானும் அந்த ஊர்க்காரிதான்.

சனிக்கிழமை காலில் சுற்றும் பட்டை தீர்ந்துவிட்டது என்று கேட்டார்கள் என்பதால் கடையைப் பூட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு எதிரணி மார்ல்புரூக். இரண்டு அணிகளும் நடுவில் வரிசையாக நின்றன, எல்லார் கையிலும் கறுப்பு டேப். மார்ல்புரூக் பையன்களும் யாரோ என்னவோ என்று கேட்காமலே அதைச் சுற்றியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் டாரில், "நம்ம லின்டனோட அண்ணன், ஒரு காலத்துல நம்ம துணைக் கேப்டன், நெவில் பாஸ்கோ நம்மள விட்டுப் போயிட்டாரு. கடைசியில மார்ல்புரூக்குக்குப் போனாலும் மனுஷன் நல்லவரு. ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதியா நிக்கணும்" என்றார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். மைதானத்தின் நடுவே நின்றவர், ஒரு கணம் வாயைத் திறந்தார், பிறகு மூடினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிற அண்ணனுக்காகத் தலை குனிந்து நின்றார். அதைவிடக் கேவலமான காட்சியை நான் பார்த்ததில்லை. நானாவது சத்தம் போட்டிருக்கலாம். எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை.

அப்போது எல்லைக்கோட்டைச் சுற்றி நிறுத்தியிருந்த கார் வரிசையிலிருந்து, கோல் விழுந்தால் அடிப்பார்களே, அதுபோல ஒரு ஹார்ன், நீளமாக. ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை, தாடையில் தக்காளி சாஸ், கையில் பாதி தின்ற சாசேஜ். "யாருக்குய்யா மௌனம்? எனக்கா?" நெவில் வண்டியை விட்டு இறங்கி நேரே நடுவுக்கு நடந்தார். மைதானமே கேட்கும்படி, "டேய் லின்டன், நான் செத்ததை எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு வந்திருப்பேனேடா!" என்றார். எல்லாக் காரும் ஹார்ன் அடித்தது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கீழே விழுந்த சாவியைத் தேடுகிறவர்போல மெதுவாகக் குனிந்து, புல்லில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் வந்தது உண்மையான மௌனம். டாரில் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது நெவில் அவருடைய தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். "என்னப் பாருடா. மூச்ச விடு. நான் இருக்கேன்டா, எங்கேயும் போகல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றியதும் உன் அப்பா முதலில் சொன்னது, "ஆட்டத்தை நிறுத்திடப் போறாங்க, வேணாம்னு சொல்லிடு." அவர்கள் நிறுத்தவில்லை, கவலைப்படாதே. வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் ஹார்ன் கேட்டது. எந்தப் பக்கத்துக் கோல் என்று ஆக்ஸிஜன் முகமூடியோடு தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இதற்குமேல் தள்ளிப் போட்டால் ஆள் தங்காது என்று மருத்துவர் அவர் முகத்துக்கு எதிரேயே சொல்லிவிட்டார், செய்தாலும் ஆபத்து உண்டு என்பதையும் சேர்த்து. நெவில் தன் வண்டியில் மெல்போர்ன் வரைக்கும் பின்னாலேயே வந்தவர், இன்னும் திரும்பவில்லை. இரண்டு நாள் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் நாள் நெவில், "அன்னிக்கு ஏன்டா என்னை எடுக்கல?" என்று கேட்டார். உன் அப்பா, "உனக்கு முட்டி போயிருந்துச்சு. யாருக்கும் தெரியாம மறைச்சே. ஆட விட்டிருந்தா காலே போயிருக்கும்" என்றார். நெவில் கட்டிலில் தொங்கிய ஒயர்களைப் பார்த்துவிட்டு, "மறைக்கிறது தப்புன்னு அப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். இந்த இரண்டு வாக்கியத்தைப் பேசிக்கொள்ள இவர்களுக்கு உன் வயதைவிட அதிக காலம் ஆகியிருக்கிறது. பட்டம் வாங்காத மடையர்கள் என்று நினைத்துவிடாதே. ஒருவர் விவசாயக் கல்லூரியில் படித்தவர்.

சனிக்கிழமை கடையைத் திறக்க வேறு மருந்தாளர் கிடைக்காததால், நெவிலைக் காவல் வைத்துவிட்டு வெள்ளி மாலையே ஊருக்குப் போனேன். இந்த வாரமும் ஆட்டம் நம் மைதானத்தில்தான். உன் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, கோடு யார் போடுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவரும், "நான் பாத்துக்கறேன் லின்டன், நீ ரெஸ்ட் எடு" என்றார்கள். காலையில் கடைக்குப் போகும் வழியில் பார்க்கிறேன், உறைபனிமேல் ஒரு கோடும் இல்லை. டாரில் வீட்டுக் கதவைத் தட்டினால், தூக்கம் கலையாத முகத்தோடு, "தலைவர் போடறேன்னாரே" என்றார். தலைவரைக் கேட்டால், டாரில் போடுவதாகச் சொன்னானே என்றார். கோடு இல்லாவிட்டால் நடுவர் ஆட்டத்தை நடத்த மாட்டார். உன் அப்பாவுக்கு அந்தச் செய்தி போனால் ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். இது ஒன்றுதான் காரணம், வேறு எதையும் கற்பனை செய்யாதே. கொட்டகையைத் திறந்து, அந்தச் சனியன் பிடித்த தள்ளுவண்டியில் பெயின்ட் ஊற்றி, மருந்துக்கடை அங்கியோடு நானே தள்ளினேன். பைன் மரப் பக்கத்தில், சரியாக எல்லையின்மேல் ஓர் ஆள்காட்டிப் பறவை முட்டையிட்டு உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் ஊரைக் கூட்டுவதுபோலக் கத்திக்கொண்டு தலைக்குமேல் பாய்ந்தது. அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனேன். அங்கே கோடு எலியை விழுங்கிய பாம்புபோல வீங்கி நிற்கிறது. மத்தியானம் டாரில் தலைவலி மாத்திரை வாங்க வந்து, "யாரோ கோடு போட்டிருக்காங்க, குடிச்சிட்டுப் போட்ட மாதிரி இருக்கு. நடுவர் சிரிச்சிட்டு விட்டுட்டாரு" என்றார். மாத்திரையைக் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

இப்போது விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். நெவில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். உன் அப்பா விழித்துக்கொண்டு, ஆட்டத்தில் தோற்றதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "கோடு நேரா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். நேராக இருந்தது என்றேன். யார் போட்டது என்றார். டாரில் என்றேன். "பாத்தியா, நான் இல்லாமலும் நடக்குது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. நிம்மதிபோலத் தெரிந்தது. அதனால்தான் போட்டது நான் என்று சொல்லவில்லை.

சளி பிடித்தால் நான் அனுப்பியதைக் குடி, அங்கே விற்கும் கலர் மிட்டாய்களை மருந்து என்று நம்பாதே. எந்தச் சங்கத்திலும் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளாதே. உன் கையில் பிறக்கிற பிள்ளைகளெல்லாம் நலமாக இருக்கட்டும், நீயும் நீண்ட ஆயுளோடு, நல்ல நெஞ்சோடு இரு. ஒன்று மறக்காதே. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்பா உன்னோடு பேசினால், பேசும்போது கோட்டைப் பற்றிக் கேட்டால், நேராக இருந்ததாக அம்மா சொன்னாள் என்று சொல். வசந்தத்தில் எழுந்து போய் அவரே பார்த்துத் திட்டட்டும். அந்தத் திட்டுக்காக அந்த வளைவை நான் அப்படியே வைத்திருப்பேன்.

அன்புடன்,
உன் அம்மா
நரெல் பாஸ்கோ