கோகுல் கார் வாங்கிய விதம்

மல்லசமுத்திரம்,
வெள்ளிக்கிழமை மதியம்.

கோகுல் அப்பாவுக்கு மஞ்சுளா எழுதிக்கொள்வது.

நானும் இனியாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கை வலி எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. தைலம் இரண்டு பாட்டில் சென்றாயன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் போர்வெல் ரிக் வண்டிக்கு டயரும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு அவர் இன்று சாயங்காலம் ராய்ப்பூருக்கு லாரி எடுக்கிறார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மேனேஜர் கேம்புக்கு வரும்போது அவருடைய போனில் நீங்கள் பேசுகிறீர்கள். பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். அதில் இதைச் சொல்ல முடியாது. உட்கார்ந்து படியுங்கள். படித்து முடிக்கும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியாகிவிட்டது. மாவு கம்மி என்று சொல்லி ஜவ்வரிசி மில்லில் விலையைக் குறைத்துவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் மாட்டையும் கிழங்கையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் கோகுல் அந்த வெள்ளைக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். படத்தை மேனேஜர் போனுக்கு அனுப்பினான். இவ்வளவு பெரிய வண்டி எப்படிடா என்று நீங்கள் கேட்டீர்கள். கமிஷன் தொழில் நன்றாகப் போகிறது, பாதி ரொக்கம் கட்டியாகிவிட்டது, மீதி மாசத் தவணை என்றான். நீங்கள் நம்பினீர்கள். நானும் நம்பினேன் என்று எழுதினால் அது பொய்.

இப்போது நம் பக்கத்தில் வயசுப் பையன்கள் எல்லோரும் கார்தான் வைத்திருக்கிறார்கள். பைபாஸுக்கு நிலம் போன பணத்தில் ஒருவன் வாங்கினான். டெல்லியில் பத்து வருஷம் ஓடிய வண்டியைச் சல்லிசாகப் பேசி ஒருவன் ஓட்டிக்கொண்டு வந்தான். பெண் வீட்டில் கார் இருக்கிறதா என்று கேட்கிறார்கள் என்பதற்காகவே தோட்டத்தை பேங்கில் வைத்தவன் ஒருவன். அவர்களுக்கெல்லாம் வழி இருந்தது, பார்த்தால் தெரிந்தது. நம் ஒன்றரை ஏக்கர் அப்படியே இருக்கிறது. கோகுல் திருச்செங்கோட்டு பட்டறையில் பதினாலாயிரம் வாங்கிக்கொண்டிருந்தவன். அதையும் விட்டுவிட்டு, கூடப் படித்த சிவபிரகாஷோடு சேலத்தில் ஆபீஸ் என்று போய் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எந்தப் பொருளை வாங்கி எந்தப் பொருளை விற்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். எல்லாம் ஆன்லைன், உனக்குப் புரியாது என்றான். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. தை மாதம் ராசிபுரத்தில் உங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் போனோம். மண்டப வாசலிலேயே ஓடி வந்து கதவைத் திறந்தார்கள். போன வருஷம் கோகுலுக்குப் பெண் கேட்டபோது பிடி கொடுக்காமல் பேசிய பெண் வீட்டாரும் அங்கே வந்திருந்தார்கள், அன்றைக்கு அவர்களாகவே ஜாதகம் கேட்டார்கள். பந்தியில் எனக்கு முதல் இலை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது.

அதற்கு அடுத்த வாரம் இனியாவின் பரீட்சைக் கட்டணத்துக்காக பேங்குக்குப் போனேன். உங்கள் சம்பளம் விழும் கணக்குதான். அதன் கார்டும் சிம்மும், அங்கே எதற்கு என்று நீங்கள் இங்கேயே விட்டுப் போனீர்கள் அல்லவா, அதெல்லாம் கோகுலிடம்தான் இருந்தது. கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்கள், போலீஸ் உத்தரவு என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். வீட்டுக்கு வந்து கேட்டால், அது கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லி, கட்டணத்தைத் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

இந்தத் திங்கட்கிழமை உங்கள் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. சேலத்து சைபர் கிரைம் போலீஸ் அனுப்பியது. செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் ஷாஜாதி என்ற அம்மாவை யாரோ ஏமாற்றிப் பறித்த ஒன்பது லட்சம் உங்கள் கணக்கில் விழுந்து, அன்றைக்கே வேறு கணக்குகளுக்குப் போயிருக்கிறதாம். வருகிற திங்கட்கிழமைக்குள் நீங்கள் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் சந்திரசேகர், சந்திரசேகர் என்று உங்கள் பெயர்.

கோகுல் அன்று வீட்டுக்கு வரவில்லை. எனக்கு ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பஸ் பிடித்துச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்விட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பெயரைச் சொன்னதும் காட்டிவிட்டார்கள். மிளகாய் மண்டி வைத்திருந்த பக்ருதீன் பாயின் சம்சாரம் அவர். பாய் இறந்து மூன்று வருஷமாகிறதாம். எங்கள் ஊரிலும் ஒரு குடும்பம் இதே மாதிரி விஷயத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, விவரம் கேட்க வந்தேன் என்றேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்.

துபாயில் இருக்கும் உன் மகன் ஃபைஸான் போதை மருந்துப் பார்சலோடு பிடிபட்டிருக்கிறான் என்று போலீஸ் உடுப்பு போட்ட ஒருவன் வீடியோவில் வந்து மிரட்டியிருக்கிறான். இரண்டு நாள் போனை வைக்க விடவில்லை. யாரிடமாவது பேசினால் மகனுக்கு ஜெயில் என்றிருக்கிறான். மண்டியை விற்று வைத்திருந்த பணம் முழுவதையும் அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பிவிட்டார். ஃபைஸானுக்கு ஒன்றுமே இல்லை, வழக்கம் போல வேலைக்குப் போய் வந்திருக்கிறான். இதையெல்லாம் நிதானமாகத்தான் சொன்னார். கடைசியில்தான் இதைச் சொன்னார்.

“அந்த ஆளு மொகம் எனக்குத் தெரியாதும்மா. சந்திரசேகர்னு பேரு மட்டும்தான் பேங்க்ல குடுத்தாங்க. தெனமும் தொழுது முடிச்சு அந்தப் பேரச் சொல்லித்தான் அழுகுறேன்.”

டீயைக் குடிக்கவும் முடியவில்லை, டம்ளரைக் கீழே வைக்கவும் முடியவில்லை. கல்யாணமான இந்த இருபத்தெட்டு வருஷத்தில் நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. பாறையிலும் புழுதியிலும் நின்று ஊர் ஊராகத் தண்ணீருக்குத் துளை போடும் மனுஷனின் பெயர். அதைச் சொல்லி ஒரு பெண் எங்கோ உட்கார்ந்து சாபம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் காரில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். நான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். தெருமுனை வரை வந்து, ஆட்டோவுக்கு அதிகம் கொடுக்காதேம்மா என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் கோகுல் வந்தான். தபாலை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவனுக்கு ஆச்சரியமே இல்லை. கணக்கை வாடகைக்கு விடுவதுதான் தொழிலாம். யாரோ பணம் போடுவார்கள், அவர்கள் சொல்லும் கணக்குகளுக்கு இவர்கள் தள்ளிவிட வேண்டும், நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன். யாருடைய பணம் என்று யாரும் கேட்பதில்லையாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் எத்தனையோ பையன்கள் இப்படித்தான் வண்டி வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்கே சமாதானம் சொன்னான். ஏஞ்சாமி, உங்கப்பன் கணக்குத்தானா கெடச்சுது உனக்கு என்று கேட்டேன். அவனுடைய கணக்கு அதற்கு முன்பே முடங்கிவிட்டதாம்.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “அப்பா அங்கயே ரெண்டு மாசம் இருக்கட்டும்மா. காட்டுக்குள்ள யாரு போய்த் தேடப்போறாங்க. அதுக்குள்ள சிவபிரகாஷ் வக்கீல வெச்சு முடிச்சிருவான். பங்குனிப் பண்டிகைக்கு வரவேண்டாம்னு மட்டும் நீ சொல்லிரு.”

நான் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வந்ததை மட்டும் சொன்னேன். அந்த அம்மா டீ கொடுத்ததையும், உங்கள் பெயரைச் சொல்லி அழுததையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். பட்டறைச் சம்பளத்தில் ஒருத்தன்கூட என்னை மதிக்கவில்லை, பெண் கேட்டுப் போன இடத்தில் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற பைக்கைத்தான் பார்த்தார்கள் என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவன் கேட்டதற்குச் சரி என்று என் வாயிலிருந்து வரவில்லை.

புதன்கிழமை விடிந்தபோது அவன் இல்லை. காரும் சாவியும் இங்கேதான் இருக்கின்றன. போனை அணைத்துவிட்டான். சிவபிரகாஷ் போனும் அப்படித்தான். இரண்டு நாளாக வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடுகிறேன். கிணற்று மேட்டுக்கு ஒரு தடவை, பஸ் ஸ்டாப்புக்கு ஒரு தடவை என்று நடந்துகொண்டே இருக்கிறேன். என்னைப் பார்த்து இனியா பயந்துபோய் காலேஜுக்கு லீவு போட்டிருக்கிறாள்.

நேற்று சென்றாயன் அண்ணன் வந்தபோதுதான் உயிர் வந்தது. புதன்கிழமை காலை கோகுல் அவருக்குப் போன் செய்து, உங்கள் கேம்புக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அங்கிருந்து எந்த பஸ் என்று கேட்டிருக்கிறான். அப்படியானால் உங்களிடம்தான் வருகிறான். எதற்கு வருகிறான் என்று தெரியவில்லை. உங்கள் காலில் விழவா, உங்களையும் ஒளிந்துகொள்ளச் சொல்லவா. இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தாலும் இருக்கும்.

நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். உங்களைக் கேட்டுச் செய்ய நேரம் இல்லை. திங்கட்கிழமை காலை இனியாவைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஆபீஸுக்குப் போகிறேன். நீங்கள் ஒரு வருஷமாக வடக்கே வேலையில் இருப்பதற்கு உங்கள் ரிக் கம்பெனியில் ஒரு கடிதம் வாங்கியிருக்கிறேன். கணக்கை ஓட்டியது யார் என்று சொல்லப் போகிறேன். கார் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்வேன், எடுத்துக்கொள்ளட்டும். அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், அன்றைக்குச் சொல்லாமல் வந்ததைச் சொல்லிவிட்டு வருவேன். வாசலில் நிற்க வைத்தாலும் நின்று சொல்வேன். இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவன் வந்தால் கை ஓங்காதீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியும், இதில் நியாயமும் உங்கள் பக்கம்தான். இருந்தாலும் முதலில் சோறு போடுங்கள். இரண்டு நாளாக எதுவும் தின்றிருக்க மாட்டான். ஒரு ராத்திரி உங்கள் பக்கத்தில் படுத்துத் தூங்கட்டும். அப்புறம் நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள், தனியாக ரயில் ஏற்றிவிட வேண்டாம். வழியில் எந்த ஸ்டேஷனிலும் அவன் கையை விடாதீர்கள்.

போலீஸில் அவன் பெயரைச் சொன்னது யார் என்று கேட்பான். நீங்கள் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அவன் முகத்தைப் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு பேரும் பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்
மஞ்சுளா