எதில் வகுத்தாலும் ஒன்று மிச்சம்

ஐப்பசி 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே பாய் விரித்திருக்கிறேன். உள்ளே என் வூட்டுக்காரர். நேற்று மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போய் வரப்பிலேயே விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவாம். கண் திறக்கவில்லை.

இப்படியே போய்விடக் கூடாது. எங்கம்மா செத்த சேதியை மறைத்து, கம்பைநல்லூர் சந்தை முடிந்த பிறகு வந்து சொன்ன ஆள். நான் அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை பதில் இல்லை.

தடுமாற்றம் வந்தால் எங்கள் வூட்டில் மொச்சைக்கொட்டையை ஒரு பிடி அள்ளிச் சாமியிடம் கேட்போம். இரட்டை வந்தால் நல்லது. இங்கே மொச்சைக்கு எங்கே போக? அவர் ஆஸ்பத்திரிச் சீட்டு நம்பரை வைத்தே கேட்டேன். 720721. ஒற்றை.

மூன்று தடவை கேட்கலாம். மூன்றால் வகுத்தேன், ஒன்று மிச்சம். ஏழால். ஒன்று மிச்சம்.

புதன்

மழை இல்லை. இட்லி இறங்கவில்லை. ஐந்தாவது வரைதான் படிப்பு, ஆனாலும் பதினாறாம் வாய்ப்பாடு வரை பிரம்பால் ஏற்றியது அப்படியே இருக்கிறது. அத்தனையிலும் வகுத்தேன். விடாமல் ஒன்று மிச்சம்.

மருமகள் மஞ்சுளா வந்தாள். கணக்கு டீச்சர். கல்யாணத்தில் எங்கள் சோற்றில் கல் என்று அவள் அம்மா சொன்னது மறக்காது. இருந்தாலும் கேட்டேன்.

"இதுக்கு முந்தின நம்பரு பதினாறு வரைக்கும் எல்லாத்துலயும் வகுபடும் அத்தை. அதுல ஒண்ணு கூடிப்போச்சு, அதான் எதுல வகுத்தாலும் ஒண்ணு நிக்குது. எழுபத்தொண்ணுல பாருங்க, மிச்சமில்லாம போவுது. மனச வுடாதீங்க."

"எழுபத்தொண்ணாம் வாய்ப்பாட்ட எந்தச் சாமி படிச்சிருக்குது?"

முந்தின நம்பர் யாருடையது என்று எனக்குத் தெரியும். சீட்டு போடுகிற இடத்தில் ஸ்ட்ரெச்சரை எங்களுக்கு முன்னால் திணித்த சித்தேரிக்காரர்கள். "கொஞ்சம் வழி வுடுங்க ஆத்தா" என்று இடித்தான் மகன். அது எங்களுக்கு வர வேண்டிய நம்பர்.

வியாழன்

வெயில். அந்தச் சித்தேரிக்காரி பக்கத்தில்தான். டீ நீட்டினாள். வாங்கவில்லை.

மத்தியானம் அவள் புருஷன் போய்விட்டார். எல்லாவற்றிலும் வகுபடுகிற நம்பர். அவள் அழவில்லை. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "உங்க வூட்டுக்காரரு எப்படி இருக்காருங்க அக்கா?" என்றாள்.

"அப்படியேதான் கெடக்கறாரு."

அவள் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் அவள் மகன் இடித்தது இடித்ததுதான்.

இனி எதைக் கேட்பது? நம்பர் வரிசையாக விழுகிறது. மொச்சையில் சாமி கை வைக்கலாம். இதில் அதுவும் முடியாது.

வெள்ளி

மேகமூட்டம். பல் விளக்கவில்லை. டாக்டர் சின்னப் பெண். "இன்னைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். என் மகனை நிறுத்திவிட்டு நான் போனேன். மூக்கில் குழாய், தாடி வெள்ளையாக. காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

மிஷின்தான் மூச்சு விட்டது. "பேசுங்க பாட்டி, கேக்கும்" என்றாள் நர்ஸ்.

மறுபடி கேட்டேன்.