உறவில்லாத ஒரு தமிழர் தேவை

அண்ணை,

கல்லூரியில் இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியை இன்று பையிலிருந்து எடுத்தேன். மைக்கின் பஞ்சுறையில் இன்னும் உங்கள் தலைவலித் தைலத்தின் வாசனை. திருப்பிக் கொடுக்கும்போது என்ன விளக்கம் சொல்வது?

ஊடகமும் தொடர்பியலும், இரண்டு வருடப் பட்டயப் படிப்பு. பள்ளி முடித்து நேரே வந்த பிள்ளைகளுக்கு நடுவே நரைத்த தலைகள் இரண்டு. ஆசிரியை நம்மை இணை சேர்த்ததில் வியப்பில்லை. நான் வேலை போன மென்பொருள்காரன், திருநெல்வேலி. நீங்கள் ரொட்டி ஆலையிலிருந்து ஓய்வு பெற்றும் வானொலி ஆசையிலிருந்து ஓய்வு பெறாத யாழ்ப்பாணத்தார்.

கடைசியாக, தாய்மொழியில் ஒரு நேர்காணல், மொழிபெயர்ப்போடு. அது தேறினால்தான் பட்டயம். ஆசிரியை போட்ட விதி ஒன்றுதான்: உறவினரைப் பேட்டி காணக் கூடாது. மற்றவர்களுக்கு அது வெறும் விதி. உங்களுக்கோ, மொன்றியலில் பேட்டி காண ஒரு தமிழரும் மிச்சமில்லை என்று பொருள்.

நகரின் லாசால் பகுதியில், கடுங்குளிரில் ஹீட்டர் ஓடாத ஒரு குடியிருப்பு. கட்டட முதலாளி தமிழர், பேசச் சம்மதித்தார். நான் எழுதித் தந்த கேள்விகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "ஊரில எவடம்?" என்று தொடங்கினீர்கள். தேநீர் வருமுன் அவர் உங்களுக்கு மச்சான் ஆகிவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் கேட்டேன். "ஹீட்டரைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே அண்ணை?"

"மச்சான் எண்டு தெரிஞ்ச பிறகு அதை எப்பிடி ஐசே கேக்கிறது?"

"அதைக் கேட்டுட்டு அப்புறமா ஊரைக் கேட்டிருக்கலாம்ல?"

"ஆரெண்டு தெரியாத ஆளிட்ட ஆர் ஐசே வாய் திறப்பினம்?"

அடுத்து செயின்ட்-மிஷேலில் ஒரு கடைக்கார அம்மா: பெரியம்மா முறை. புரோசார்டில் ஒரு ஓட்டுநர்: தங்கை கணவரின் ஒன்றுவிட்ட தம்பி. எல்லாவற்றையும் ஆசிரியை பொறுமையாக நிராகரித்தார்.

"உம்மோட மட்டும்தான் ஒரு முறையும் வரேல்லை," என்று குறைப்பட்டீர்கள். முயலாமலில்லை, என் தாத்தாவின் ஊர்வரை விசாரித்துப் பார்த்தீர்கள். "அதாலதான் உம்மோட சண்டை பிடிக்க ஏலுது."

அப்புறம், பேட்டி எதுவும் தேறாத நிலையில், ஓர் இரவு தூக்கத்திலேயே என்னைத் தனியே விட்டுப் போய்விட்டீர்கள். ஆசிரியை இரங்கி இந்த வாரம்வரை அவகாசம் தந்தார்.

இன்று அதே குடியிருப்பில், மூன்றாம் மாடிப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்தேன். தாளில் இருந்த முதல் கேள்வி ஹீட்டர் நின்றது எப்போது என்பது. வாயில் வந்தது, "ஊர்ல எவடம்மா?" எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் நிறுத்தாமல் பேசினார்: கோட்டுப் போட்டபடி தூங்கும் குழந்தை, அடுப்பைத் திறந்து வைத்துக் குளிர் காய்வது, முதலாளி தொலைபேசியை எடுக்காதது. எனக்கு வேண்டியதெல்லாம் வந்தது.

பிறகு கேட்டார்: "முந்தி மைக்கோட வந்தவர் எங்கை?"

சொன்னேன். மைக்கின் பஞ்சுறையைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்டைக்குப் படியில நிண்டே எனக்கு மாமா முறை எண்டு கண்டுபிடிச்சவர். நீங்கள் அவருக்கு என்ன முறை?"

கருவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முறையும் இல்லை என்று சொன்னால் பட்டயம்.

"தம்பிங்க," என்றேன்.

"அப்ப எனக்கும் மாமாதானே," என்று தேநீர் போட எழுந்தார்.

ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது; அந்த இடத்தை வெட்டிவிடலாம். வெட்ட மனம் வரவில்லை. பேட்டிக்குப் புதிய ஆளைப் பிறகு தேடிக்கொள்கிறேன். நாளை முதலில் உங்கள் மச்சானிடம் போகிறேன். இப்போது அவர் எனக்கும் மச்சான். ஹீட்டரைப் பற்றி நான் கேட்கிறேன், அண்ணை. உறவுக்காரரோடு சண்டை பிடிக்க உங்களுக்குத்தான் ஏலாது.