ஏழாவது அடி

நேற்றுக் காலை நாகலூர் ரிசார்ட்டுக்குள் நுழையும்போது மணியாகத் தொங்கும் அந்தத் தண்டவாளத் துண்டு ஒலித்தது. என் கால் தானாக வேகம் பிடித்தது. அடித்தது உங்கப்பாடா. காக்கிச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். சாப்பாடு தயார் என்று விருந்தினர்களுக்குச் சொல்லும் மணியாம் அது. ஒருத்தி கைதட்டி, "ஒன்ஸ்மோர் தாத்தா!" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம் பாட்டு ஆல்பமே அந்தச் சத்தத்தில் பிறந்ததுதானே. அந்த இடம் எஸ்டேட்டாக இருந்த நெருக்கடி நிலைக் காலத்தில், ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் தினமும் அதில் ஏழு அடி அடிப்பார். ஏழாவது விழுவதற்குள் வரிசையில் நிற்காதவருக்கு அன்று வேலை கிடையாது. சங்கத்தில் சேர்ந்தவர்கள் ஓடிவருவது தெரிந்தால், ஆறோடு ஒட்டி ஏழையும் அடித்துவிடுவார். கேள்வி கேட்டவனைப் போலீஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போனது. இளவட்டமாக இருந்த உங்கப்பா எத்தனையோ நாள் பாதி வழியிலேயே திரும்பியிருக்கிறார்.

அவர் சொல்லக் கேட்டு, அதைத்தான் நீ டிரம்ஸில் பிடித்தாய். ஏழு எண்ணிக்கைத் தாளம். ஏழாவது எப்போதும் கொஞ்சம் முந்தி விழும். உங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே என் கிட்டார் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தது.

"ஒழுங்கா அடிடா, நாயே!"

"கேக்கறவன் கால் தடுக்கோணும்டா. அதான் ஒழுங்கு."

இருபது நிமிடப் பாட்டை எவன் கேட்பான் என்று கத்தினேன்.

"எங்கப்பன் வருசக்கணக்காக் கேட்டாருல்ல?"

ஆல்பம் முடிந்த மாதமே உனக்குக் குடல்வால் வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை. கொண்டை ஊசி வளைவில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நிற்க, சுற்றுலா வந்தவர்கள் முன்னால் காரை நிறுத்திவிட்டுப் பள்ளத்தாக்கைப் படம் பிடித்தார்கள். சேலம் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை. விதி என்றார்கள். மண்ணாங்கட்டி. இந்த மலையில் சொகுசு அறை கட்ட இடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் போக வழி இல்லை.

நேற்று என்னை வரச்சொன்னது ரிசார்ட் மேனேஜர். "ஆரம்பத்துல வர்ற கிட்டார் நொம்ப நல்லாருக்குதுங்க. சாப்பாட்டு ஹால்ல போட்டுக்கறோம். அந்த டங்கு டங்கை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க." கிடைக்கும் பணம் உங்கப்பாவுக்கு. அதனால்தான் போனேன். அவரிடமே கேட்டேன்.

"ஏனுங்கப்பா, என்ன பண்ணட்டும்?"

"குடுத்தா முழுசாக் குடு சாமி. கூறு போட்டு விக்க அதென்ன ஆட்டுக்கறியா?"

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கோபத்தில் உங்கப்பாவை வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்களோ என்று இன்று காலை மறுபடி ஓடினேன். அவர் அங்கேதான் நின்றிருந்தார். மணி விருந்தினர்களுக்கு மட்டும் இல்லையாம், காலையில் வேலைக்கு வருகிறவர்களுக்கும் ஏழு அடிதானாம். அது ஓய்வதற்குள் உள்ளே வராத வேலைக்காரர்களுக்கு அரை நாள் சம்பளம் போச்சாம். ஒன்றும் மாறவில்லை, பார்த்தாயா?

ஆறு அடித்தார். பஸ் தாமதம். சமையலறைப் பெண் ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடிவந்தாள். உங்கப்பா கம்பியை ஓங்கியபடி நின்றார்.

"அடிங்க பெரியவரே!" மேனேஜர் கத்தினார்.

"கை புடிச்சுக்கிச்சுங்க சார்."

அவள் கேட்டைத் தாண்டி, சமையலறைக்குள் மறைந்த பிறகுதான் ஏழாவது விழுந்தது.

நம் ஆல்பத்தில் ஏழாவது அடிக்கு முந்த மட்டும்தான் தெரியும். காத்திருக்கத் தெரியாது. இன்று கேட்டதை நான் பதிவு செய்யவில்லை. அது என் காலில் இருக்கிறது, தட்டிக்கொண்டே இருக்கிறேன். வாசிக்க வேண்டியவன் நீ, பாவி.